இடிக்கப்போற ஓட்டு வீட்டுல அம்மாவை ஆயில் பெயிண்டிங்கா வரைய வைக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னை மைந்தன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். தாத்தா கட்டின நாட்டு ஓட்டு வீடு, நடுவுல முத்தம், சுத்தி தாழ்வாரம், பின்னாடி அடுப்படி, அதுக்கு அப்பால கொல்லை. மழைக்கு மழை ஒழுகுது, கைமரமெல்லாம் கரையான், அதனால தை பொறந்ததும் இடிச்சிட்டு புதுசா கட்டறதுன்னு முடிவாயிடுச்சு. எனக்கு அதுல மனஸ்தாபம் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி, ஒவ்வொரு வாசப்படியும் ஒரு முழ உயரம் ஏறி இறங்க முடியல.

ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பண்ணிடணும்னு இருக்கேன். காலையில அடுப்படி கண்ணாடி ஓட்டு வழியா ஒரு வெளிச்சம் எறங்கும், அம்மா அந்த எடத்துல அருவாமனையை போட்டு உக்காந்து வாழைப்பூ ஆய்வாங்க, பக்கத்துல முறம், மோர் கலந்த தண்ணி ஒரு சட்டியில, பின்னாடி செவுரு பூரா கரி. சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டு இருக்கேன். அதை அப்படியே ஆயில் பெயிண்டிங்கா வரைஞ்சு புது வீட்டு கூடத்துல மாட்டணும்.

வீட்ல யாருக்கும் இது புடிக்கல. அப்பா வரையறதுன்னா ரெண்டு பேரும் பட்டு கட்டி நாற்காலியில உக்காந்த மாதிரி வரையணும்ங்கறார். அம்மா ஒரே வார்த்தையில அழுக்குப் புடவையோட என்னை கூடத்துல மாட்டுவியான்னு கேட்டுட்டாங்க. தங்கச்சி நல்ல கேமராவுல எடுத்து கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டா போதும், எதுக்கு இவ்ளோ செலவுங்கறா. தெரிஞ்ச ஒருத்தர் தஞ்சாவூர் பெயிண்டிங்கா பண்ணிடலாம் தங்க ரேக்கு வச்சு, நம்ம ஊர் கலை, ரொம்ப வருஷம் நிக்கும்ங்கறார்.

போட்டோ பாத்து வரையறவர்னா எப்படி போட்டோ எடுத்துக் குடுக்கணும், எவ்ளோ பெருசு நல்லா இருக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு ஆயில் தாங்குமா, இல்ல அக்ரிலிக் போலாமா? படம் வரையற ஆளுங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

குடந்தை தூரிகை

தம்பி, மொதல்ல இதை நீங்க நெனச்சதுக்கே எனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில படிச்சவன், போர்ட்ரெய்ட்தான் வேலை, என்கிட்ட வர்ற பத்துக்கு ஒம்போது பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குடுத்து இதை பெருசா வரைஞ்சு குடுங்கம்பாங்க. கையும் இருக்காது, எடமும் இருக்காது, நெஞ்சுக்கு மேல ஒரு மொகம் மட்டும். ஒரு ஆள் யாருன்னு கை சொல்லும், உக்கார்ற விதம் சொல்லும். அதனால உங்க யோசனைதான் சரி, விட்றாதீங்க.

எங்க காலேஜ்ல படிச்சு வந்த எஸ். இளையராஜா பேரை கேள்விப்பட்டிருப்பீங்க, கும்பகோணம் பக்கத்து கிராமத்துக்காரர், 2021 ஜூன்ல கொரோனாவுல போயிட்டார். நம்ம ஊர் பொண்ணுங்களை வீட்டுக்குள்ள, கதவோரமா, சன்னல் வெளிச்சத்துல அவர் வரைஞ்ச படங்களை நெறைய பேர் மொதல்ல போட்டோன்னே நெனச்சாங்க. ஆனா பக்கத்துல வச்சு பாத்தா போட்டோ வேற அது வேற. போட்டோவுல வெளிச்சமான எடம் வெளுத்துடும், இருட்டு எடம் கருத்துடும். கண்ணு ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கும், பெயிண்டர் அந்த கண்ணு பாத்ததை வரையறான். உங்க தங்கச்சிக்கு இதை சொல்லுங்க. கண்ணாடி ஓட்டு வெளிச்சமும் கரி புடிச்ச செவுரும் ஒரே படத்துல வேணும்னா பிரிண்ட்ல கஷ்டம், பிரஷ்ல முடியும்.

போட்டோ விஷயம். போன்ல பியூட்டி மோட் கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க, அது அம்மா மொகத்துல இருக்கற சுருக்கத்தையெல்லாம் தொடச்சுடும், அப்பறம் வரையறவன் என்னத்த பாத்து வரைவான். ஃபிளாஷ் வேண்டாம். அடுப்படியில டியூப்லைட் எரிஞ்சா அணைச்சிடுங்க, வெயில் வெளிச்சமும் டியூப்லைட் வெளிச்சமும் கலந்தா தோல் ஒரு பக்கம் மஞ்சளா ஒரு பக்கம் பச்சையா வந்து நிக்கும். நின்னுக்கிட்டு எடுக்காதீங்க, அம்மா தரையில உக்காந்திருந்தா நீங்களும் தரையில உக்காந்து அவங்க கண்ணு மட்டத்துல எடுங்க, மேலேர்ந்து எடுத்தா தலை பெருசா கால் சிறுசா தெரியறது மட்டும் இல்ல, பாக்கறவன் அவங்களை குனிஞ்சு பாக்கற மாதிரியே படமும் ஆயிடும். ரொம்ப கிட்ட போயும் எடுக்கக்கூடாது, போன் லென்ஸ் முன்னாடி நீட்டியிருக்கற கையை பூதாகரமா காட்டும், நாலஞ்சு அடி தள்ளி வந்து ரெண்டு மடங்கு ஸூம்ல எடுங்க. மொத்த காட்சி ஒண்ணு எடுத்துட்டு, இருட்டு எடம் நல்லா தெரியற மாதிரி ஒண்ணு, வெளிச்ச எடம் வெளுக்காம ஒண்ணு, அப்பறம் கையை மட்டும், புடவை கலரை வெளில வெயில்ல வச்சு, செவுத்து கரியை மட்டும், அருவாமனையை மட்டும்னு தனித்தனியா எடுங்க. இதெல்லாம் இப்பவே ஆரம்பிங்க, ஆவணியில விழற வெயில் மார்கழியில அதே எடத்துல விழாது.

முடிஞ்சா வரையறவரை ஒரு தடவையாச்சும் வீட்டுக்கு கூட்டிட்டு போங்க. அந்த எடத்துல உக்காந்து ஒரு சின்ன கலர் ஸ்கெட்ச் அவர் போட்டுக்கிட்டாருன்னா நூறு போட்டோவுக்கு சமம்.

ஆயிலா அக்ரிலிக்கான்னா, என்னோட ஓட்டு ஆயிலுக்குத்தான். தோல், கரி, பித்தளை இதெல்லாம் ஒண்ணுல ஒண்ணு கரைஞ்சு போற நெறம், ஆயில் மெதுவா காயறதால கலக்க நேரம் கெடைக்கும். அக்ரிலிக் நம்ம வெயிலுக்கு பேலட்லயே காஞ்சுடும். ஆனா ஒண்ணு, ஆயில்ல இருக்கறது ஆளிவிதை எண்ணெய், அது தண்ணி மாதிரி ஆவியாகி காயறது இல்ல, காத்தோட சேர்ந்து இறுகுது, மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும் உள்ள காய மாசக்கணக்காகும். அதனால வார்னிஷ் ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சுத்தான் அடிக்கணும், டெலிவரி அன்னிக்கே பளபளன்னு வார்னிஷ் அடிச்சு குடுக்கறவர்கிட்ட ஏன்னு கேளுங்க.

அரசலாறு

நான் பெயிண்டர் இல்ல, ஸ்கூல் டீச்சர், படம் பாக்கறது ஒரு பைத்தியம். உங்க கேள்வியை படிச்சதும் வெர்மீர்னு ஒரு பெயிண்டர் ஞாபகம் வந்துடுச்சு, அவரோட பால் ஊத்தற வேலைக்காரம்மா படம், நெட்ல தேடுனா உடனே வரும். ஹாலந்துல டெல்ஃப்ட்ங்கற ஊர்ல 1658 வாக்குல வரைஞ்சது, இப்ப ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு. ஒரு அம்மா சன்னலோரமா நின்னு பானையிலேர்ந்து பால் ஊத்தறாங்க, மேஜை மேல ரொட்டி, அவ்ளோதான் விஷயம். சட்டை கையை மடிச்சு விட்டிருக்காங்க, மணிக்கட்டு வரைக்கும் ஒரு நெறம் அதுக்கு மேல ஒரு நெறம், வெயில் பட்ட கை அது. செவுத்துல ஒரு ஆணி, ஆணி புடுங்கின ஓட்டை, அந்த ஆணியோட நெழல் வரைக்கும் வரைஞ்சிருக்கார். சன்னல்ல ஒரு கண்ணாடி ஒடைஞ்சிருக்கு, அதையும் மறைக்கல.

இதுல உங்களுக்கு உதவற விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு சைஸ். அந்த படம் 45.5 சென்டிமீட்டர் உயரம் 41 அகலம், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கூட இல்ல. பெருசா இருந்தாத்தான் மதிப்புன்னு இல்ல, இது மாதிரி அடுப்படி படம்லாம் கிட்ட வந்து நின்னு பாக்க வேண்டியது. ரெண்டாவது, 2022ல அந்த மியூசியத்துக்காரங்க ஸ்கேன் பண்ணி பாத்தப்ப அம்மா தலைக்குப் பின்னாடி மொதல்ல ஜாடி மாட்டற பலகை ஒண்ணும், கீழ நெருப்பு வைக்கற கூடை ஒண்ணும் வரைய ஆரம்பிச்சு, அப்பறம் அது மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சது தெரிஞ்சுது. செவுரு வெறுமையா விட்டதுனாலதான் அந்தம்மா அவ்ளோ கம்பீரமா நிக்கறாங்க. அதனால உங்க கரி புடிச்ச செவுரை வெறும் செவுராவே விடச் சொல்லுங்க, காலண்டரு, பாத்திர அலமாரி, சாமி படம் எல்லாத்தையும் ஞாபகத்துக்காக உள்ள திணிக்காதீங்க.

அப்பா சொல்றதையும் ஒரேயடியா தள்ளாதீங்க. நம்ம பக்கத்துல ரவிவர்மா 1893ல அப்பா வர்றார்னு குழந்தைக்கு காட்டற மாதிரி ஒரு படம் வரைஞ்சார், தன்னோட மகளையே மாடலா வச்சு, இடுப்புல குழந்தை, காலடியில நாய். அது வீட்டுக் காட்சிதான், ஆனா புடவையும் நகையும் நல்லா உடுத்தின மாதிரிதான். அழகா உடுத்தி இருந்தா அது வீட்டு வாழ்க்கை இல்லன்னு ஆயிடாது. எனக்கு என்னமோ வெர்மீர் படம்தான் நெஞ்சுல நிக்குது, அது என் ருசி.

கரந்தைக்காரன்

தஞ்சாவூர் பெயிண்டிங் பத்தி கேட்டதால எழுதறேன், எங்க வீட்ல ரெண்டு தலைமுறையா அந்த வேலைதான். யாரோ சொன்னார்னு அதுல இறங்காதீங்க, நம்ம கலையை குறைச்சு சொல்றதுக்கு இல்ல, அது செய்யற வேலையே வேற. பலா மரப் பலகை, மேல துணி ஒட்டி, சுக்கான் மாவும் (சுண்ணாம்புக்கல் பொடி) பசையும் பூசி தேய்ச்சு, அப்பறம் மக்குங்கற மாவுப் பசை வச்சு நகை, தூண், மண்டபம் எல்லாம் மேடா எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கல்லு பதிச்சு பண்றது. வெளிச்சம் எங்கேர்ந்து வருதுங்கற கேள்வியே அதுல கெடையாது, சாமி மேலேர்ந்தே வெளிச்சம் வர்ற மாதிரி அமைப்பு. வெண்ணெய்த்தாழி கிருஷ்ணனுக்கு அது பொருந்தும். உங்க அம்மாவை அதுல வச்சா மண்டபத்துக்குள்ள உக்கார வச்சு கன்னம் உப்ப வச்சு அலங்காரம் பண்ணிடுவோம், அருவாமனைக்கு தங்க ரேக்கா ஒட்டறது?

ஆனா தஞ்சாவூர்ல இன்னொரு வழியும் இருந்துச்சு, அதை நம்ம ஜனங்களே மறந்துட்டாங்க. மராட்டிய ராஜா காலத்துல, பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியிலேர்ந்து சரபோஜி காலம் வரைக்கும், இதே ஓவியக் குடும்பங்க கிழக்கிந்திய கம்பெனிக்கார வெள்ளைக்காரங்களுக்காக காகிதத்துல வாட்டர் கலர்ல ஆல்பம் ஆல்பமா வரைஞ்சு குடுத்தாங்க. புருஷன் பொஞ்சாதி ஜோடி ஜோடியா நிப்பாங்க, நெசவாளி, கொயவர், கள்ளு எறக்கறவங்க, கையில அவங்கவங்க சாமான். லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம் ரெண்டுலயும் இருக்கு, கம்ப்யூட்டர்லயே பாக்கலாம். புடவை கட்டு, பானை பிடிக்கற விதம், கொண்டை எல்லாம் அவ்ளோ சுத்தமா இருக்கும். அதுல எனக்கு ஒரே வருத்தம், தொழில் தெரியும், சாதி தெரியும், நிக்கற ஆள் யாருன்னு தெரியாது. பேரு இல்ல, வீடு இல்ல, கால் கீழ ஒரு பட்டை மண்ணு, மேல வெறும் வானம்.

நீங்க பண்ணப்போறது அதுல விட்டுப்போன பாதி, இன்ன அம்மா இன்ன வீட்ல இன்ன எடத்துல உக்காந்தாங்கன்னு. கண்டிப்பா படத்துக்கு பின்னாடி சட்டத்துல அம்மா பேரு, ஊரு, வருஷம், வரைஞ்சவர் பேரு எழுதி வைக்கச் சொல்லுங்க. எங்க பட்டறைக்கு ரிப்பேருக்கு வர்ற பழைய குடும்பப் படங்கள்ல பாதிக்கு மேல, யாரு இதுன்னு கொண்டு வந்த பேரனுக்கே தெரியறது இல்ல.

கொல்லைப்புறம்

எல்லாரும் பெயிண்ட்டையும் லைட்டையும் பத்தி பேசறீங்க, நான் அந்தம்மா பக்கத்துலேர்ந்து பேசறேன். நானும் நாகப்பட்டினம் பக்கத்துல அப்படி ஒரு அடுப்படியில இருவது வருஷத்துக்கு மேல வெந்தவதான்.

மொத விஷயம், நம்ம வீடுகள்ல கூடத்துல ஒருத்தரை பெருசா மாட்டறது எப்ப? போனதுக்கு அப்பறம். பொட்டு வச்சு மாலை போட்டு சீரியல் பல்பு போட்டு. உசுரோட இருக்கறப்ப தனியா ஒரு பொம்பள படம் மாட்டி நான் எங்கயும் பாத்ததில்ல, கல்யாண போட்டோவும் திருக்கடையூர்ல எடுத்த அறுபதாம் கல்யாண போட்டோவும்தான் தொங்கும். அதனால அம்மா மனசுல அது உறுத்தலாம், வெளில சொல்ல மாட்டாங்க, புடவை அழுக்குன்னுதான் சொல்லுவாங்க. தம்பி இதை நேரடியா உக்காந்து பேசுங்க.

ரெண்டாவது, புடவை. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அந்த படத்தை பாக்கப் போறாங்க, சம்பந்தி வருவாங்க, அக்கம்பக்கம் வரும். நைஞ்ச புடவையில தன்னை மாட்டி வைக்கறது வேண்டாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு. உங்களுக்கு அது ஞாபகம், அவங்களுக்கு அது தன்னோட மானம். அதுக்காக பட்டுக்கு போக வேண்டியதில்ல, அன்னாடம் கட்டறதுல அவங்களுக்கு புடிச்ச சுங்குடி ஒண்ணோ வாயில் ஒண்ணோ இருக்கும், அதை அவங்களையே எடுக்கச் சொல்லுங்க.

மூணாவது, அவங்களை ஏன் வேலை செய்யறப்பதான் வரையணும்? அம்மான்னா அருவாமனையோடதான்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. அம்ரிதா ஷெர்கில்னு ஒரு பெயிண்டர், 1941ல இருபத்தெட்டு வயசுலயே செத்துப்போனவங்க, அவங்க 1940ல வரைஞ்ச ஒரு படத்துல ஒரு பொண்ணு கயித்துக் கட்டில்ல சும்மா படுத்திருக்கு, பக்கத்துல ஒருத்தி விசிறி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதுவும் வீட்டுக்குள்ள நடக்கறதுதானே, அதை யாரு வரையறாங்க? அம்மா அந்த வீட்ல எந்த நேரம் அவங்களுக்கு சொந்தமா இருந்துச்சுன்னு கேளுங்க, அதை வரையச் சொல்லுங்க. வாழைப்பூவை விட்டுடுங்கன்னு சொல்லல, கேட்டுட்டு முடிவு பண்ணுங்கங்கறேன்.

மன்னை மைந்தன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி ரெண்டு தடவை முழுசா படிச்சேன். கொல்லைப்புறம் அக்கா சொன்னதுதான் மனசுல குத்துச்சு, ஊருக்கு போனதும் அம்மாகிட்ட நேராவே கேட்டேன், இந்த வீட்ல உனக்கு புடிச்ச நேரம் எதும்மான்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம் மத்தியானம் எல்லாரும் சாப்ட்டு பாத்திரம் கழுவி கவுத்துட்டு தாழ்வாரத்து தூணுல சாஞ்சுக்கிட்டு காலை நீட்டி பூ கட்டுவேன்ல, அப்பதான்டா யாரும் கூப்பிட மாட்டீங்கன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

அதனால வாழைப்பூ இல்ல. தூணு, நீட்டின கால், மடியில முல்லைப்பூ, வாழநாரு, முத்தத்து வெளிச்சம். புடவை அவங்களே எடுத்து காட்டிட்டாங்க, அரக்கு கலர் சுங்குடி. அப்பாகிட்ட பட்டு கட்டின படம் வேணும்னா தனியா போட்டோ ஸ்டுடியோவுல எடுத்துக்கலாம்னு பேசியாச்சு. அடுப்படியை ஆளில்லாம தனியா போட்டோ எடுத்து வச்சுக்கறேன், அது எனக்கு.

குடந்தை அண்ணே, மத்தியான வெளிச்சம்னா எதாச்சும் மாறுமா? அப்பறம் படம் வந்தப்பறம் நம்ம ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு எப்படி பாதுகாக்கறதுன்னும் சொல்லுங்க, அதை நீங்க சொல்லல.

குடந்தை தூரிகை

தம்பி, அடுப்படியை விட இது வரையறதுக்கு இன்னும் நல்ல காட்சி, பூ கட்டற விரலை ஒரு வாரம் உக்காந்து வரையலாம். உச்சி வெயில்ல எடுக்காதீங்க, முத்தத்துல நேரா எறங்கி தரை வெளுத்துடும், கண்ணுக்கு கீழ கருப்பா குழி விழும். ரெண்டு ரெண்டரைக்கு மேல வெயில் செவுத்துல ஏறினப்பறம், நேர் வெயில் இல்லாம தரையிலேர்ந்தும் எதிர் செவுத்துலேர்ந்தும் திரும்பி வர்ற வெளிச்சம்தான் மொகத்துக்கு நல்லது. மேகமூட்டமா இருக்கற ஒரு நாளும் எடுத்து வைங்க. அரக்கு கலர் சொன்னதால ஒண்ணு, அலிஸரின் கிரிம்சன்னு ஒரு செவப்பு இருக்கு, வெளிச்சத்துல வருஷம் போகப்போக மங்கும், அதுக்கு பதிலா குவினாக்ரிடோன் வகை செவப்பு போட சொல்லுங்க, வரையறவருக்கு தெரியும்.

ஈரத்துக்கு: புது வீட்டுல பூச்சு காயறதுக்கு முன்னாடி மாட்டாதீங்க, புது சிமெண்ட் செவுத்து ஈரம் பல மாசம் இருக்கும், அது வரைக்கும் தங்கச்சி வீட்லயோ எங்கயோ இருக்கட்டும். மாட்டறப்ப பாத்ரூம் செவுத்துக்கு மறுபக்கம் வேண்டாம், மழை சாரல் அடிக்கற வெளிச்செவுரும் வேண்டாம், உள்செவுருதான். ஃபிரேமுக்கு பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி செவுத்துக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போக விடுங்க, பூஞ்சை பின்பக்கம்தான் மொதல்ல புடிக்கும். ஈரத்துணியால தொடைக்கவே கூடாது, காஞ்ச மெல்லிசு பிரஷ்ல தூசி தட்டினா போதும். கீழ விளக்கு ஏத்தி ஊதுவத்தி கொளுத்தி வச்சுடாதீங்க, புகையும் எண்ணெய் பிசுக்கும் கேன்வாஸ்ல ஏறினா எடுக்கறது பெரிய வேலை.

ரெண்டடிக்கு ஒன்றரையடி போதும், கால் நீட்டி உக்கார்றதால படுக்கவாட்டுல போடச் சொல்லுங்க. தூணு அடியில கல்லு இருந்தா அதோட அளவு, தூணு சுத்தளவு எல்லாம் டேப் வச்சு எடுத்து குறிச்சுக்கங்க, இடிச்சப்பறம் யாராலயும் அளக்க முடியாது.